பாரில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எலக்ட்ரானிக் டிரம்ஸ் பழகியவருக்கு ஒரு நாள் பாரில் வாசிக்க அழைப்பு வருகிறது. நாலு பேர் குழு, ஐம்பது பேர் உட்காரக்கூடிய இடம், இரண்டு மூன்று செட். அந்த நேரத்தில் எழும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சென்னை ஓட்டல் பார், புதுச்சேரி, பெங்களூரு பப் போன்ற சிறிய இடங்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. பெரிய மேடை, பெரிய சவுண்ட் சிஸ்டம் என்றால் விஷயம் வேறு.

சின்ன இடத்துக்கு எலக்ட்ரானிக் கிட் எதற்கு? சாதாரண டிரம்ஸ் போதாதா?

இடம் விசாலமாக இருந்து, கூரையும் உயரமாக இருந்தால் சாதாரண டிரம்ஸையே வாசியுங்கள். விரல் நுனி வரை வந்து சேரும் அந்த உணர்வுக்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை.

ஆனால் ஓட்டல் பார்கள் பெரும்பாலும் தாழ்ந்த கூரை, கண்ணாடிச் சுவர், கிரானைட் தரை. அங்கே ஸ்னேரை (கூர்மையாக வெடிக்கும் முன்பக்க டிரம்மை) ஓங்கி அடித்தால் டிரம்மரின் காதருகே 110 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க கிட்டார்காரர் சத்தத்தைக் கூட்டுவார், கிட்டாரைத் தாண்டிக் கேட்கப் பாடகர் கத்துவார், இரண்டாவது செட் முடிவதற்குள் மேனேஜர் மேடைப் பக்கம் வந்து நிற்பார். மெதுவாக வாசித்தால் ஆகாதா என்று கேட்பார்கள். கை தேர்ந்தவர்கள் வாசிப்பார்கள்தான். ஆனால் ராக் பாட்டுக்கு வேண்டிய ஸ்னேர் தொனி மெதுவான அடியில் வராது. எலக்ட்ரானிக் கிட்டில் முழு பலத்தோடு அடித்தாலும் வெளியே போகும் அளவை ஒரு குமிழ் தீர்மானிக்கிறது. டிரம்ஸ் இறங்கினால் மொத்தக் குழுவும் இறங்கும், பாட்டின் வரிகள் மேஜைகளுக்குத் தெளிவாகப் போகும். இந்த ஒரு காரணமே போதும்.

இது "நிஜ டிரம்ஸ்" இல்லை என்று மற்ற டிரம்மர்கள் சொல்கிறார்களே?

சொல்லட்டும். டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கை வாசித்தவற்றைக் காலால் வாசிக்கும்படி பெடல்களோடு எலக்ட்ரானிக் கிட் ஒன்றை அமைத்துக்கொண்டு, 1986-இல் இங்கிலாந்தின் டானிங்டன் திறந்தவெளி விழா மேடையேறினார். அந்தக் கருவி இல்லாமல் அந்த வாசிப்பு இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-இல் முதல் ஆக்டோபேடைக் கொண்டுவந்தது. அதன் பின்வந்த மாடல்கள் மெல்லிசைக் குழுக்களில் தபேலா, டோலக், பம்பை, தவில் எல்லாவற்றின் வேலையையும் செய்திருக்கின்றன. கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் அந்த எட்டு ரப்பர் கட்டங்களைக் குச்சியால் தட்டுகிறவரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அவரை யாரும் கலைஞர் இல்லை என்று சொன்னதில்லை.

எந்த கிட் வாங்குவது?

மூன்று விஷயம் பாருங்கள். ஸ்னேரும் டாமும் (உருட்டி அடிக்கும் மற்ற டிரம்கள்) வலைத்தலை, அதாவது அடிக்கும் பரப்பில் இழுத்துக்கட்டிய வலை, கொண்டவையாக இருக்க வேண்டும். 1997-இல் ரோலண்டின் டிடி-10 அதைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, 1981-இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5-இன் அறுகோணத் தட்டுகள் மணிக்கட்டை வலிக்க வைக்கும் அளவுக்குக் கெட்டியானவை. இரண்டாவது, ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் இரட்டை சிம்பல், அதாவது உலோகத் தட்டு) பெடல் திறந்ததா மூடியதா என்று இரண்டே நிலையைக் காட்டாமல் இடைப்பட்ட நிலைகளையும் காட்ட வேண்டும். மூன்றாவது, கிக் பேட் (காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கான தட்டு) தடுமாறாமல் நிற்க வேண்டும். ஆரம்ப நிலை கிட்களில் வரும் சின்ன கிக் பேட் மேடையில் நகர்ந்துகொண்டே போகும்.

மாட்யூலில், அதாவது அடியை ஒலியாக மாற்றும் பெட்டியில், எத்தனை நூறு ஒலிகள் என்ற எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். பாரில் மூன்று கிட் ஒலிகளுக்கு மேல் தேவைப்படாது.

பட்ஜெட் குறைவு. கிட்டில் அதிகம் போடவா, ஸ்பீக்கரிலா?

ஸ்பீக்கரில். வாங்கும்போது பலரும் யோசிக்காத இடம் இது. எலக்ட்ரானிக் கிட்டுக்கு என்று தனியாக ஒலி கிடையாது. நீங்கள் அடிப்பது ரப்பரும் வலையும்தான். கேட்கிறவருக்கு டிரம்ஸ் என்பது அந்த ஸ்பீக்கர்தான். நடுத்தர கிட் நல்ல ஸ்பீக்கரில் கௌரவமாகக் கேட்கும். விலை உயர்ந்த கிட்டை 8 அங்குல ஸ்பீக்கரில் விட்டால் கிக் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலத்தான் வரும்.

ஒவ்வொரு அடியின் உச்சமும் சராசரி அளவைவிடப் பல மடங்கு உயரத்துக்கு ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் எகிறி இறங்கும். ரெக்கார்டு செய்து முடித்த பாட்டில் அந்த உச்சங்களை ஏற்கெனவே அமுக்கியிருப்பார்கள். அதனால் பாட்டு நன்றாக ஓடும் ஸ்பீக்கர்கூட டிரம்ஸில் திணறலாம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் லிமிட்டர் (அளவு எல்லை மீறாமல் தடுக்கும் சுற்று) அடியின் முனையை மழுக்கிவிடும், அப்புறம் எவ்வளவு கூட்டினாலும் சத்தம்தான் ஏறும், அடி விழாது.

என் யோசனை இது: ஆம்ப் உள்ளேயே இருக்கும் 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்று குறைந்தபட்சம். கிக் வயிற்றில் படவேண்டும் என்றால் 15 அங்குலம், அல்லது 12-உடன் ஒரு சப் (தாழ்ந்த ஒலிக்கான தனி ஸ்பீக்கர்). பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், மேலும் பல நிறுவனங்கள் போடுவது உச்ச வாட். விவரத்தாளில் இருக்கும் அதிகபட்ச எஸ்பிஎல் (ஒலி அழுத்த அளவு) எண்ணையும், எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்குகிறது என்பதையும் ஒப்பிடுங்கள். கிக்கின் அடிநாதம் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே ஸ்பீக்கர் கைவிட்டால் ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) போட்டு மீட்க முடியாது.

கிட்டார் ஆம்ப்பில் செருகலாமா?

கூடாது. கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும், சிம்பல் சத்தமே அதற்கு மேல்தான் நிறைய இருக்கிறது. கிக்கின் அடியையும் அது தாங்காது. அவசரத்துக்குக் கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை.

வீட்டுக்கென்று விற்கும் டிரம் மானிட்டர் போதுமா?

ரோலண்ட் பிஎம்-100 போன்ற 80 வாட் மானிட்டர் உங்கள் காதுக்கு நல்லது. ஐம்பது பேர் பேசிக்கொண்டிருக்கும் பாரை அதை வைத்து நிரப்ப முடியாது. பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

பாரின் சவுண்ட் சிஸ்டத்தில் நேராகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

பாதி முடிந்தது. மீதிப் பாதியில்தான் பல கச்சேரிகள் கவிழ்கின்றன.

பாரின் ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்துத் தொங்குகின்றன, நீங்கள் அவற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாதாரண டிரம்ஸ் என்றால் மேடையில் எல்லோருக்கும் அது தானாகவே கேட்கும். பேஸ்காரர் கிக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்வார், பாடகர் ஸ்னேரைக் கேட்டு நுழைவார். எலக்ட்ரானிக் கிட்டில் அந்த இலவச வசதி போய்விடுகிறது. மேடையில் இருப்பவர்களுக்குச் சுவரில் மோதித் திரும்பி வரும் தாமதமான கிக் மட்டும் கேட்கும். பேஸ்காரர் அதைப் பின்தொடர்வார், நீங்கள் அவரைப் பின்தொடர்வீர்கள், பாட்டு இழுத்துக்கொண்டே போகும். கையில் எந்தக் குறையும் இல்லாத குழுக்கள்கூட இப்படிச் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் ஸ்பீக்கரை உங்கள் பக்கத்திலேயே, சற்றுப் பின்னால், ஹை-ஹாட் பக்கமாக வையுங்கள். தரையில் சாய்த்து வைக்காமல் இடுப்பு உயரத்தில் நிற்கட்டும். டிரம்ஸ் சத்தம் டிரம்மர் இருக்கும் திசையிலிருந்தே வந்தால் குழுவுக்கும் கூட்டத்துக்கும் அது இயல்பாகப் படும். சிறிய இடத்தில் அந்த ஒரு ஸ்பீக்கரே கூட்டத்துக்கும் போதும். இடம் நீளமாக இருந்தால் இன்னொரு வரியை பாரின் மிக்சருக்குக் கொடுத்து, பின் மேஜைகளுக்குக் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

டிரம்ஸுக்கு மைக் கிடையாது என்பதால் உங்கள் ஸ்பீக்கர் தானாக ஊளையிடாது. ஆனால் அது பாடகரின் மைக்கை நேராகப் பார்த்து நின்றால் மைக் வழியாக டிரம்ஸ் இரண்டாம் முறை போகும். கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

ஹெட்போனில் வாசிக்கலாமா?

உங்களுக்கு வசதி, குழுவுக்கு இல்லை. மற்றவர்கள் கேட்பது உங்களுக்குத் தெரியாமல் போகும், பாடகர் கண்ணால் கொடுக்கும் குறிப்பும் தப்பும். கிளிக் டிராக் (வேகம் காட்டும் 'டிக் டிக்' ஒலி) வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும் இன்-இயர் போடுங்கள். ஒன்று கவனிக்க: சில மாட்யூல்களில் ஹெட்போனுக்கும் மெயின் அவுட்டுக்கும் ஒரே குமிழ். உங்கள் காதுக்காகக் கூட்டினால் கூட்டத்துக்கும் கூடும்.

கேபிள் எப்படிப் போட வேண்டும்?

மாட்யூலின் மெயின் அவுட் பெரும்பாலும் சாதாரண கால் அங்குல ஜாக்தான். ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்தால் 3 மீட்டர் கேபிளை நேராகச் செருகலாம். மிக்சர் பாரின் அந்தக் கோடியில் என்றால் டிஐ பாக்ஸ் வேண்டும். அது சிக்னலைச் சமன்படுத்தி மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாக அனுப்பும், தூரம் போனாலும் இரைச்சல் ஏறாது. இரண்டு சேனல் டிஐ ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பாஸிவ் டிஐ என்றால் மின்சாரம்கூட வேண்டாம். மாட்யூல் லைன் அளவில் கொடுப்பதால் டிஐயில் பேட் என்ற அளவு குறைக்கும் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கிக் ஓங்கி விழும்போது கரகரக்கும்.

'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் டிஐயின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பல நேரம் அத்தோடு போய்விடும். போகவில்லை என்றால் மாட்யூலும் ஸ்பீக்கரும் மிக்சரும் ஒரே மின்இணைப்பில் இருந்து வரும்படி மாற்றுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள். உறுமல் நிற்கலாம், மைக்கைத் தொட்ட பாடகரின் உதட்டில் ஷாக் அடிக்கலாம்.

இன்னொன்று: சேனலை மியூட் செய்யாமல் கேபிளைச் செருகவோ உருவவோ வேண்டாம்.

ஸ்டீரியோவா மோனோவா?

மோனோ. பார் மிக்சரில் உங்களுக்கு ஒரே சேனல் கிடைப்பதுதான் வழக்கம். எல்/மோனோ என்று எழுதியிருக்கும் ஜாக்கில் மட்டும் செருகுங்கள், மாட்யூல் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ஆர் ஜாக்கில் மட்டும் செருகினால் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்த டாம் பாதி காணாமல் போகும். மாட்யூலில் கூடுதல் அவுட் இருந்தால் ஸ்டீரியோவுக்குச் செலவழிக்காமல், கிக்கைத் தனியாக ஒன்றில் அனுப்புங்கள். சவுண்டுக்காரர் உங்களை வாழ்த்துவார்.

வீட்டில் அருமையாக இருந்த ஒலி மேடையில் ஏன் சொதப்புகிறது?

கம்பெனிகள் கிட் ஒலிகளைக் கடையில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவரை மயக்குவதற்காக அமைக்கின்றன. நிறைய ரிவர்ப் (செயற்கை எதிரொலி), அகலமான ஸ்டீரியோ, நீண்டு ஒலிக்கும் டாம், பளபளக்கும் சிம்பல். கண்ணாடிச் சுவர் கொண்ட பாரில் ஏற்கெனவே எதிரொலி ஏராளம். இரண்டும் சேர்ந்தால் கஞ்சி.

முதல் வேலை, ரிவர்பை முழுக்க அணையுங்கள். வீட்டில் கேட்டால் வறண்டு போய்த் தெரியும், பயப்பட வேண்டாம். அடுத்து டாம்களின் நீளத்தைக் குறையுங்கள். அடித்ததும் நின்றுவிட வேண்டும். கிக்கில் ஆழமான, கும்மென்ற ஒலியைத் தேடாமல், கிக் பெடலின் சுத்தியல் டிரம்மின் தலையில் படும் அந்த 'டக்' நன்றாகக் கேட்கும் ஒலியை எடுங்கள். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் அந்த 'டக்'தான் கூட்டத்தின் பேச்சுச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு வரும், பேஸ்காரருக்கும் பிடிமானம் அதுதான். சிம்பல்களை வீட்டு அளவிலிருந்து நன்றாக இறக்குங்கள். ஹார்ன் வைத்த ஸ்பீக்கரில் எலக்ட்ரானிக் சிம்பல் காதைக் குத்தும், மேஜையில் இருப்பவர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். ஹை-ஹாட் மட்டும் தெளிவாக இருக்கட்டும். நடை அதில்தான் தெரிகிறது.

இந்த மாற்றங்களையெல்லாம் ஹெட்போனில் செய்யாதீர்கள். கச்சேரிக்குக் கொண்டுபோகும் அதே ஸ்பீக்கரில், கச்சேரி அளவுச் சத்தத்தில், ஒரு மத்தியானம் உட்கார்ந்து செய்யுங்கள். மெல்லிய சத்தத்தில் நன்றாக இருக்கும் கிக் பெரிய சத்தத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மூன்று கிட் தயார் செய்தால், மூன்றின் ஸ்னேர் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு டிரம்ஸ் ஏறி இறங்கினால் சவுண்டுக்காரர் உங்களைத் துரத்திக்கொண்டே இருப்பார்.

சவுண்ட் செக் எப்படிச் செய்வது?

தனியாக டிரம்ஸை அடித்துத் திருப்திப்பட வேண்டாம். கிக்கும் பேஸும் சேர்ந்து நாலு தாளச் சுற்று வாசியுங்கள். பிறகு முழுக் குழுவும் நடுத்தர வேகத்தில் ஒரு பாட்டு. அதற்குள் நண்பர் ஒருவரைக் கடைசி மேஜையில் உட்காரவைத்து போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவில் ஸ்னேரும் பாடகரின் குரலும் எப்படிச் சேர்கின்றன என்பதை மட்டும் கேளுங்கள், போன் மைக்கில் கிக் சரியாக வராது. காலி பாரில் சரியாக இருந்த சிம்பல் ஆட்கள் நிரம்பியதும் மங்கும். உடைகளும் உடல்களும் மேல் சுரங்களை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் முதல் செட் முடிவில் மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மேடையில் எல்லா அடியும் ஒரே மாதிரி வருகிறது. ஏன்?

மேடையில் எல்லோரும் வீட்டைவிட ஓங்கி அடிக்கிறோம். பேடுக்கு உள்ளே இருக்கும் பியெஸோ சில்லு அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுகிறது, மாட்யூல் அதை 1 முதல் 127 வரையான அளவாக எடுத்துக்கொள்கிறது. வீட்டில் மென்மையாக அடித்து அமைத்த சென்சிடிவிட்டியில் மேடையில் வாசித்தால் பாதி அடிகள் 127-ஐத் தொட்டு நின்றுவிடும். அதற்கு மேல் ஏற வழியில்லாமல் எல்லாம் ஒரே ஒலி.

ஸ்னேரின் சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். மிகப் பலமான ரிம்ஷாட்டில்தான் (தலையையும் விளிம்பையும் சேர்த்து அடிப்பது) 127 வரவேண்டும், வழக்கமான பின்தட்டு (2, 4-ஆம் எண்ணிக்கையில் விழும் அடி) 100 சுற்றில் விழ வேண்டும். பல மாட்யூல்கள் அடியின் அளவைத் திரையில் பட்டையாகக் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே, பாட்டின் உச்சத்தில் அடிப்பது போல அடித்து அமைத்துக்கொள்ளுங்கள்.

நான் தொடாமலே கிக் தானாக அடிக்கிறதே!

சப் ஸ்பீக்கர் அல்லது பேஸ் ஆம்ப் எழுப்பும் அதிர்வு மேடைப் பலகை வழியாகக் கிக் பேடுக்கு ஏறுகிறது. பியெஸோவுக்கு அது உங்கள் காலா, பேஸ்காரரின் தாழ்ந்த 'இ' தந்தியா என்று தெரியாது. மரப்பலகை மேடைகளில் இது அதிகம். கிக்கின் த்ரெஷோல்டை, அதாவது எந்த அளவுக்கு மேல் அதிர்வை அடியாக எடுப்பது என்ற எல்லையை, சற்று உயர்த்துங்கள், ரொம்ப உயர்த்தினால் மெல்லிய கால் தட்டுகள் தொலைந்துபோகும். சப்பையும் கிக்கையும் ஒரே பலகையில் வைக்காமல் பிரியுங்கள், அடியில் கனமான ரப்பர் மேட் போடுங்கள். டாம் அடித்தால் சிம்பல் கேட்கிறது என்றால் அது பேடுகளைத் தாங்கும் ரேக் குழாய் வழியாக வரும் அதிர்வு. கிராஸ்டாக் (ஒரு பேடின் அதிர்வு இன்னொன்றை ஒலிக்கவிடாமல் தடுக்கும்) அமைப்பில் அந்த இரண்டு பேடுகளுக்கு மட்டும் கூட்டுங்கள்.

ஹை-ஹாட் மட்டும் இயல்பாக இல்லை.

எலக்ட்ரானிக் கிட்டின் பலவீனமான இடம் அதுதான், நல்ல கிட்டிலும். ஒவ்வொரு முறை மேடையில் பொருத்திய பிறகும் பெடலைக் காலிபரேட் செய்யுங்கள்; ஸ்டாண்டு ஒரு விரல்கடை சாய்ந்தாலே மூடிய நிலை மாறிவிடும். சிலர் மற்றதெல்லாம் எலக்ட்ரானிக்காக வைத்துக்கொண்டு ஹை-ஹாட்டையும் ஒரு ரைடையும் மட்டும் நிஜ சிம்பலாக வைக்கிறார்கள். சத்தம் தாங்கும் இடமென்றால் எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. வாசிப்பில் உயிர் வந்துவிடுகிறது.

பிரஷ், கிராஸ்-ஸ்டிக் வருமா?

கம்பி பிரஷ் வலைத்தலையைக் கெடுத்துவிடும், வேண்டாம். பிரஷ் தேய்க்கும் ஒலியைச் சாதாரண பேட் பிடிக்கவும் பிடிக்காது. 2016-இல் ரோலண்ட் கொண்டுவந்த டிஜிட்டல் ஸ்னேர் போன்றவை டிரம்மின் தலையில் கை வைத்திருப்பதை உணர்ந்து கிராஸ்-ஸ்டிக்கை (குச்சியைத் தலையில் படுக்கவைத்து விளிம்பில் தட்டுவதை) தானாகப் பிரித்தறியும். மற்ற மாட்யூல்களில் ரிம் ஒலியைக் கிராஸ்-ஸ்டிக்காக மாற்றி வைத்த இன்னொரு கிட்டை மெலடிப் பாட்டுகளுக்குத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் உள்ள டிரம் சாஃப்ட்வேரை மேடையில் பயன்படுத்தலாமா? தாமதம் வராதா?

தாமதம் பெரிய பிரச்சினை இல்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் (ஒலியை வெளியே விடுமுன் கம்ப்யூட்டர் சேர்த்துவைக்கும் அளவு) என்றால் சுமார் 5 மில்லி செகண்ட். காற்றில் ஒலி 1 மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது. 3 மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டார்காரருக்கு உங்கள் ஸ்பீக்கர் சத்தம் போய்ச் சேரவே 9 மில்லி செகண்ட் ஆகும். ஆகவே 128 அல்லது 64 சாம்பிளில் வைத்தால் கைக்குத் தெரியாது.

நான் வேண்டாம் என்பது வேறு காரணத்துக்காக. பாரில் லேப்டாப் வெப்பத்தில் தடுமாறும், அப்டேட் கேட்டு நிற்கும், யுஎஸ்பி கேபிளை யாராவது காலால் இழுத்துவிடுவார்கள். பார் ஸ்பீக்கரில் கூட்டத்தின் நடுவே அந்த ஒலியின் நுணுக்கம் எப்படியும் கரைந்துபோகும். மாட்யூல் ஒலியே போதும்.

தமிழ்ப் பாட்டுகள் நிறைய வாசிக்கிறோம். ஆக்டோபேடும் சேர்க்கலாமா?

கண்டிப்பாகச் சேருங்கள். ஆறெட்டு நடையில் டோலக் துள்ளும் ஒரு பாட்டை வெறும் டிரம்ஸில் வாசித்தால் மேஜைகள் எழும்பாது. ஹை-ஹாட்டுக்கு இடப்பக்கம் ஒரு ஆக்டோபேட், அதில் டோலக் இடம் வலம், தபேலா, பறை, கைத்தட்டல், ஒரு ஷேக்கர். கீழ் வரிசையில் அடிக்கடி தேவைப்படுவதை வையுங்கள், மேல் வரிசையில் எப்போதாவது வருவதை. கிக்கைக் காலில் நிறுத்திக்கொண்டு கை இரண்டும் ஆக்டோபேடுக்குப் போய், பல்லவி திரும்பும்போது ஸ்னேருக்கு வர முடிகிற அளவுக்குப் பழகினால் ஒரு ஆள் இரண்டு ஆள் வேலை செய்யலாம். குத்துப்பாட்டு வரும் கடைசி செட்டில் இதன் அருமை தெரியும்.

ஆக்டோபேடுக்கு மிக்சரில் தனிச் சேனல் கேளுங்கள். அதன் ஒலியும் மாட்யூல் ஒலியும் ஒரே அளவில் வருவது அபூர்வம்.

பேட் அடிக்கும் 'டொக் டொக்' முன்வரிசைக்குக் கேட்குமா?

சத்தம் மிகக் குறைவாக வைத்தால் கேட்கும், குறிப்பாக ரப்பர் சிம்பலும் கிக்கும். முதல் மேஜை 2 மீட்டரில் இருந்தால் ஸ்பீக்கர் அளவு அதை மூடும் அளவுக்காவது இருக்க வேண்டும். இரவு விருந்து மாதிரி மிக மெல்லிய சத்தம் வேண்டும் என்று கேட்டால் கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) வாசித்துவிடலாம்.

தரையில் கிட் நகர்கிறதே?

டைல்ஸ், கிரானைட்டில் கிக் பேடின் முள்ளுக்குப் பிடி கிடைக்காது. ஜமுக்காளம் மட்டும் விரித்தால் ஜமுக்காளத்தோடு சேர்ந்து கிட்டும் வழுக்கும். அடியில் ரப்பர் மேட், மேலே ஜமுக்காளம் அல்லது பழைய கார்பெட், அதன் மேல் கிட். விரிப்பில் ஒவ்வொரு கால் வைக்கும் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு பொருத்தலாம். கேபிள்களையும் எந்தப் பேடுக்கு எது என்று எழுதி ஒட்டுங்கள். பாரின் மங்கல் வெளிச்சத்தில் டாம்-2 எது, கிராஷ் எது என்று தேட முடியாது.

மின்சாரம் போனால்?

ஓட்டலில் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் மாட்யூல் அணைந்து மறுபடி எழும்பும், அதற்கு நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றில் மாட்யூலை மட்டும் மாட்டுங்கள், ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். கிட் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றால் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 120 மட்டும் என்றால் நம் ஊர் 230-இல் கருகிவிடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டோடு பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதையும் ஒப்பிடுங்கள், எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றாக இருக்காது.

மாட்யூலே செத்துவிட்டால்?

கச்சேரி நின்றுவிடும். சாதாரண டிரம்ஸில் ஒரு தலை கிழிந்தாலும் மற்றதை வைத்து ஒப்பேற்றலாம், இதில் முடியாது. ஆக்டோபேட் வைத்திருப்பவருக்கு அதுவே மாற்று. கிக், ஸ்னேர், ஹை-ஹாட் ஒலிகளை அதில் ஒரு பேட்சாக (சேமித்துவைக்கும் ஒலித் தொகுப்பாக) தயார் செய்து வையுங்கள். கூடவே ஒரு உதிரி அடாப்டர், இரண்டு ஜாக் கேபிள், ஒரு ஸ்டீரியோ டிரிகர் கேபிள், டிரம் சாவி. உங்கள் கிட் அமைப்புகளைப் பென் டிரைவிலோ எஸ்டி கார்டிலோ நகல் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது பேட் மேல் பீர் ஊற்றிவிட்டால்?

சேனலை மியூட் செய்து, மாட்யூலை அணைத்து, துடைத்து, அந்தப் பேடின் கேபிளை உருவிவிட்டு மற்றதை வைத்து வாசியுங்கள். காய்ந்த பிறகுதான் மறுபடி இணைக்க வேண்டும். மாட்யூலைக் கூட்டத்தின் பக்கம் பொருத்தாமல் ஹை-ஹாட்டுக்கு உள்பக்கமாகப் பொருத்தினால் பாதி ஆபத்து குறையும்.

இரவு 10 மணிக்குப் பிறகு வாசிக்கலாமா?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ திறந்தவெளியில் கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. மொட்டைமாடி பார், தோட்ட பார் என்றால் 10 மணிக்கு முடிக்கும்படி செட்டைத் திட்டமிடுங்கள். மூடிய இடத்திலும் வெளியே கசியும் சத்தத்துக்கு வரம்பு உண்டு: வணிகப் பகுதியில் பகலில் 65, இரவில் 55 டெசிபல் என்பதுதான் அடிப்படை. குடியிருப்புப் பகுதியில் 55, 45. தனியார் இடத்தின் எல்லையில் இதற்கு மேல் 5 டெசிபல் வரைதான் போகலாம். வெளியே அதிகம் கசிவது கிக்கின் தாழ்ந்த அதிர்வு, சுவர் அதைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னார் என்று மேனேஜர் வந்தால் மொத்தச் சத்தத்தையும் குறைக்காமல், முதலில் சப்பை மட்டும் இறக்கிப் பாருங்கள்.

காதுக்கு இது பாதுகாப்பானதா?

சாதாரண டிரம்ஸைவிடப் பாதுகாப்பானது, கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும்வரை. அமெரிக்காவின் நியோஷ் என்ற பணியிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பக்கத்தில் இருக்கும் உங்கள் ஸ்பீக்கரைக் காது மட்டத்தில் வைத்து மூன்று மணி நேரம் வாசித்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். இடுப்பு உயரத்தில் வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் பார்க்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

மேடையின் நீள அகலம், தரை மரமா டைல்ஸா, எத்தனை 15 ஆம்ப் பிளக், மிக்சரில் எத்தனை சேனல் காலி, சப் இருக்கிறதா, மிக்சரைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, பொருத்த எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், லிஃப்டா படியா. முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே, வேறு குழு வாசிக்கும் இரவில் போய்க் கடைசி மேஜையில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் குழுவின் கிக் அங்கே எப்படி விழுகிறது என்று தெரிந்தால், உங்கள் 12 அங்குல ஸ்பீக்கர் போதுமா, சப் வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். வாடகை சப் என்றால் அந்தத் தொகையைச் சம்பளம் பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள்.